கோடு இல்லாத குவளை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கட்டாரில் மூன்று வருடம் பஸ் கழுவினேன். ஊருக்கு வந்து, மட்டக்களப்பு வாவிக்கரையில் சின்ன விமானம் ஒன்று வைத்திருந்த பறங்கிக்காரரிடம் வேலை கேட்டபோது, கட்டாரில் விமானங்களில் வேலை செய்ததாகச் சொன்னேன். அவர் நம்பினார்.

காலையில் இரண்டு இறக்கைகளின் அடியிலும் கண்ணாடிக் குவளையைப் பிடித்து, அந்தந்த இறக்கைத் தாங்கியிலிருந்து கொஞ்சம் பெற்றோல் இறக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தங்கி, நடுவில் ஒரு கோடு தெரியும். அவர் ஒரு தடவைதான் காட்டித் தந்தார். நான் கோட்டை மட்டும் மனதில் பிடித்துக்கொண்டேன்.

ஒரு கிழமை அடைமழைக்குப் பிறகு வெயில் வந்த நாள். விமானம் அந்த மழை முழுவதும் வெளியில் நின்றது. இடப்பக்கக் குவளை நீலமாக இருந்தது; அந்தப் பெற்றோலின் நிறமே அதுதான். வலப்பக்கக் குவளையில் நிறம் இல்லை. கோடும் இல்லை. கேட்டால் என் கட்டார்ப் பொய் வெளியே வந்துவிடும். மணந்துகூடப் பார்க்காமல் புல்லில் ஊற்றினேன்.

“தண்ணி பாத்தியா தம்பி?”

“ஓம் சேர். கோடு இல்ல.”

“அப்ப ஏறு. ஒரு நாளைக்காவது மேலால பார்.”

பழுகாமத்து வயல் வட்டைகள் வெள்ளத்தில் மினுங்கின. அதுவரை இடப்பக்கத் தாங்கியில்தான் ஓடியது. இறங்கத் தாழ்ந்தபோது, எப்போதும் செய்வதுபோல, நிறைந்திருந்த வலப்பக்கத் தாங்கிக்குப் பிடியை மாற்றினார். ஓடுபாதை முன்னால் தெரிந்தது. இயந்திரம் இரண்டு தரம் செருமிவிட்டு ஓய்ந்தது. பிறகு காற்றுச் சத்தம் மட்டும். முழுக்கத் தண்ணீரென்றால் குவளையில் கோடு எப்படி விழும்? பிடியைத் திரும்ப இடப்பக்கம் தள்ளினார், உயரம் மிஞ்சவில்லை. கோணாமல் பிடித்து வாவியில் இறக்கினார்.

இடுப்பளவு தண்ணீர். அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. எனக்கு ஒன்றுமில்லை.

தோணியில் வந்து எங்களை ஏற்றிய மீனவர், “றோட்டு அங்கால கிடக்கு சேர். ஏன் என்ட இறால் வலைக்குள்ள இறக்கின நீங்க?” என்றார். முறிந்த கையைப் பிடித்துக்கொண்டே அவர் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“காலையில நீலமாத்தானே இருந்தது?”

“ஓம் சேர். நல்ல நீலம்.”

விசாரிக்க வந்தவர்கள் தாங்கியில் தண்ணீரைக் கண்டார்கள். இரண்டு நாள் வாவிக்குள் கிடந்த தாங்கி. அது வாவியின் உப்புத் தண்ணீரா மழைத் தண்ணீரா என்று நக்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பிடியைத் தானே இரண்டு தாங்கிக்கும் நடுவில் விட்டிருக்கலாம் என்று அவர் எழுதிக் கொடுத்தார். முப்பது வருடம் ஓட்டிய கை அது. நான் பக்கத்தில் நின்றேன்.

அடுத்த மாதம் நான் கதிரவெளிக்குப் போக பஸ்ஸுக்கு நின்றபோது அவர் என்னைக் கண்டுவிட்டார். கையில் இன்னும் கட்டு.

“இனி ஓட்டமாட்டன் தம்பி. கை மறந்திட்டு. உன்னையும் கொல்லப் பாத்தனே.”

பஸ் வந்துவிட்டது. மிதிபலகையில் ஒரு காலை வைத்துக்கொண்டு, “வயசுதானே சேர், என்ன செய்யிற?” என்றேன்.