நத்தம் ரோட்டில் தண்ணீர் குடித்த லாரி

திண்டுக்கல் லாரி ஸ்டாண்டில் காலை நேரத்தில் சங்கிலியிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். கை நீட்டுகிற கோபம் இல்லை அவருடையது. நிறுத்தாமல் பேசுகிற கோபம். குழி விழுந்த ரோட்டைத் திட்டுவார், அதைப் போட்ட காண்டிராக்டரைத் திட்டுவார், குறுக்கே வந்த ஆட்டையும் திட்டுவார். லாரியை மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். யுத்தம் முடிந்து பட்டாளம் ஏலம் விட்ட பெட்ரோல் லாரி அது. எடுத்தவர் பூட்டுப் பட்டறை முதலாளி ராயப்பராஜ். எடுத்த நாளிலிருந்து ஓட்டுபவர் சங்கிலி.

அறுபத்தொன்றாம் வருஷம் தை மாதம் வரை லாரி ஒழுங்காகத்தான் ஓடியது. அதன் பிறகு தண்ணீர் தண்ணீர் என்று பறந்தது. நத்தத்தில் புளி ஏற்றினால் மேட்டில் முக்கி முனகியது. பங்குனியில் ஒரு சனிக்கிழமை காலை சங்கிலி ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது, டீக்கடை வாசலில் ராயப்பராஜின் குரல் ஓங்கிக் கேட்டது.

“தண்ணி இருக்கா இல்லையான்னு பாக்காம தூங்கிக்கிட்டே ஓட்டுனா இன்ஜின் வேகாம என்ன செய்யும்? என் வண்டிய மாட்டுவண்டி முந்திப் போகுதாம்ல! திங்கக்கிழமையிலருந்து பொம்மையன் எடுக்கட்டும்.”

ஓட்ட வண்டி இல்லாத டிரைவர் பொம்மையன் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

சங்கிலிக்குக் காது மடல் சுட்டது. இன்ஜினை வேகவைத்தவன் என்று பெயர் விழுந்த டிரைவருக்கு மதுரை வரைக்கும் யாரும் வண்டி தர மாட்டார்கள்.

“யாரு மொதலாளி தூங்குனது? ரேடியேட்டரை ரெண்டு தடவ ஈயம் வச்சுப் பத்தியாச்சு. ஓட்டை அடைக்க மஞ்சப்பொடி போடச் சொன்னீக, அதையும் போட்டேன். தண்ணி நிக்கலைன்னா நானா குடிச்சேன்?”

“யாரு கண்டா? குடிச்சிருந்தாலும் குடிச்சிருப்ப.”

டீக்கடை சிரித்தது. சங்கிலி டீ குடிக்காமலே வண்டியைக் கிளப்பினார்.

நத்தம் ரோட்டில் ஷரீஃபா வீட்டுக் கிணற்றடியில் லாரி வழக்கம்போல நின்றது. மழை பொய்த்த வருஷம். கிணறு பாதாளத்தில் கிடந்தது. ஒவ்வொரு நடைக்கும் இங்கே தண்ணீர் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சமும் கோபமாகத்தான் வெளியே வந்தது.

“இன்னிக்கு ரெண்டு வாளி வேணும்மா. சிரிக்காம குடு.”

“உங்க லாரி பெட்ரோல்ல ஓடுதா, எங்க கெணத்துத் தண்ணியில ஓடுதாண்ணே?” ஷரீஃபா வாளியை நீட்டினாள். “அம்புட்டுத் தண்ணி ஊத்துறீங்க, எங்கதான் போகுது? ஒழுகுச்சுன்னாலும் என் வாசல்ல நாலு கீரை வெதச்சிருப்பேன். மண்ணு காஞ்சு கெடக்கு.”

வாளியைக் கீழே வைத்துவிட்டு சங்கிலி லாரிக்கு அடியில் படுத்தார். ரேடியேட்டரின் அடி, ரப்பர் குழாய், எதிலும் ஈரம் இல்லை. கீழே புழுதி பொடியாக இருந்தது. வெளியே வராத தண்ணீர் உள்ளேதானே போக வேண்டும்? இரண்டு மாதமாக இதைப் பார்க்காத தன்னையே முதலில் திட்டிக்கொண்டார்.

இன்ஜின் ஆறியதும் ரேடியேட்டரை நிரப்பி, மூடியைத் திறந்து வைத்தே கிளப்பினார். தண்ணீர் சூடாகும் முன்பே குமிழ் குமிழாகக் கொப்பளித்தது. எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினால், நுனியில் எண்ணெயோடு தண்ணீர் கலந்து மோர் மாதிரி வெள்ளை.

“என்னண்ணே, சீக்கா?”

“சீக்குதான். யாரு குடுத்த சீக்குன்னு பாக்கணும்.”

பாரம் ஏற்றப் போகாமல் வண்டியை ஊருக்கே திருப்பினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வெள்ளை வேட்டியோடு வந்த ராயப்பராஜை ஸ்டாண்டுக்கே கூட்டிவந்தார். இன்ஜினின் ஆறு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்திருந்தார். நான்கு கறுத்திருந்தன. நடுவில் இரண்டு மட்டும் கழுவித் துடைத்ததுபோலப் பளிச்சென்று இருந்தன.

“ஏலே பொம்மையா, நாளைக்கு நீதான ஓட்டப் போற? வந்து ஹேண்டிலைச் சுத்து. மொதலாளி, பிளக்கு இருந்த மொத ஓட்டையில உங்க கட்டைவிரலை வையிங்க.”

பொம்மையன் சுற்றினான். டப்பென்று காற்று விரலைத் தள்ளியது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் தூங்கும் குழந்தையின் மூச்சு மாதிரி மெல்ல வந்தது. நான்காவதிலும் அவ்வளவுதான். ஐந்தும் ஆறும் மறுபடி விரலைத் தள்ளின.

“நடுவுல ரெண்டுலயும் தம் இல்ல. பிறகு எப்படி மேடு ஏறும்?”

ராயப்பராஜ் கரி விரலை வேட்டியில் துடைத்துவிட்டார். “காயவிட்டு ஓட்டி கேஸ்கட்டை எரிச்சுப்புட்ட. நான் சொன்னது சரியாத்தான இருக்கு?”

சங்கிலி ஸ்பேனரை எடுத்தார். நட்டுகளைக் கழற்றி, பொம்மையனும் அவருமாக இன்ஜினுக்கு மூடியாக இருக்கும் ஹெட்டைத் தூக்கிப் புரட்டி வைத்தார்கள். இன்ஜினுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட், மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் கருகி அறுந்திருந்தது. ஆனால் சங்கிலி பார்த்தது கேஸ்கட்டை அல்ல. ஹெட்டின் அடிப்பக்கம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். இரும்பு ஸ்கேலை அதன்மேல் நிமிர்த்தி வைத்தார். நடுவில் ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது.

“மாட்டுப் பொங்கலுக்கு நான் ஊருக்குப் போயிருந்தப்ப இதைக் கழட்டுனது யாரு?”

“நாந்தான். கரி எடுக்கக் கழட்டுனேன். நடுவுல தழும்பாட்டம் ஒண்ணு இருந்துச்சு. பட்டறைக்குக் கொண்டுபோய் நானே அரத்துல வழுவழுன்னு…” ராயப்பராஜ் பாதியில் நிறுத்தினார். ஊரில் எந்தச் சாவியையும் கண்ணாலேயே அளந்து தேய்க்கிற கை அது. அந்தக் கையின் கீறல் அவருக்கே தெரியாதா?

“பூட்டுன்னு நெனச்சீகளா மொதலாளி? நீங்க பண்ணுன பள்ளத்து வழியாத்தான் தண்ணி உள்ள போச்சு. நான் தூங்குனேனாக்கும்?”

ராயப்பராஜ் குரலை இறக்கினார். “சரி விடு. இனிமே நீயே எடு.”

“எங்க வச்சு சொன்னீகளோ, அங்க வச்சு சொல்லுங்க.”

டீக்கடை வாசல் வரை நடந்துபோய் ராயப்பராஜ் முணுமுணுத்தார்.

“கேக்கல.”

“தப்பு என்னுதுய்யா! சங்கிலி மேல இல்ல!” இந்தத் தடவை தெருக்கோடி வரை கேட்டது.

சங்கிலியின் கோபம் அதிலும் ஆறவில்லை. “ஹெட்டை மதுரையில மெஷின்ல குடுத்து மட்டம் பண்ணிக் கொண்டாரேன். அந்த அரத்தைக் குடுங்க.”

“என் அரம் உனக்கு எதுக்குடா?”

“நான் ஊருக்குப் போனா உங்க கை சும்மா இருக்காது.”

அரம் டிரைவர் சீட்டுக்கு அடியில் போனது. லாரியை உடைத்து எடைக்குப் போடும் வரை அங்கேயே கிடந்தது. ராயப்பராஜ் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். இரண்டு முறையும் ஸ்டாண்டே நின்று வேடிக்கை பார்த்தது.