ஐம்பத்தெட்டு வயது செல்வம்

ஞாயிறு காலை எட்டே காலுக்கு விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீட்டர்தான், நிறுத்தி நிறுத்திப் புதுச்சேரி வந்து சேர ஒன்றே கால் மணி நேரம் ஆனது. பேருந்து நிலையத்திலிருந்து குருசுக்குப்பத்துக்கு ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார். நான் இந்த ஊரில் பிறந்தவன் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்படின்னா நூத்தம்பது குடுங்க" என்றார். பிறந்ததற்குத் தள்ளுபடி ஐம்பது ரூபாய்.

வலைகள் காயும் தெருவில், ஒரு பழைய கிடங்கில் ஓவியக் கண்காட்சி. அன்றுதான் தொடக்கம். வரைந்தவர் ஜமால். பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு குடும்பத்துடன் பாரிசுக்குப் போனவர். கூடப் படித்தவர்கள் இப்போது எப்படி இருப்பார்கள் என்று, யாரையும் விசாரிக்காமல், நினைவிலிருந்தே வரைந்திருக்கிறாராம். செய்தித்தாளில் பார்த்துவிட்டு, நான் எழுதும் பத்திரிகைக் கட்டுரைக்கு ஆகும் என்றுதான் கிளம்பினேன்.

உள்ளே ஒரே சிரிப்பு. அரியாங்குப்பத்துக்காரர் ஒருவர் தன் படத்தருகே நின்று, தனக்கு இவ்வளவு தொப்பை கிடையாது என்று வாதாடிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஓவியர் கட்சி.

கடைசிச் சுவருக்கு முன்னால் என் கால் நின்றுவிட்டது. முன்வழுக்கை, நரைத்த மீசை, மூக்குக்கண்ணாடி. இடப்புருவத்தில் சைக்கிளிலிருந்து விழுந்து வாங்கிய தழும்பு. கீழே "செல்வம், வயது 58" என்று எழுதியிருந்தது. என் அண்ணன். பத்தொன்பது வயதில் மஞ்சள் காமாலையில் போனவன். எங்கள் அப்பாவின் வழுக்கையை அப்படியே அவன் தலையில் வைத்திருந்தார் ஜமால். செத்தவனுக்கு நரைக்குமா? நரைத்திருந்தது.

படமும் நானும் ஒரே ஜாடை. ஜமாலே ஓடிவந்து என் தோளைப் பிடித்தார்.

"நீ செல்வம் தம்பிதானே? அவன் எங்க? காலைலேந்து வாசலையே பாத்துக்கிட்டிருக்கேன்."

அண்ணன் போன மறுவருடமே வீட்டை விற்றுவிட்டு விழுப்புரம் போய்விட்டோம். பாரிசுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பிறகு வருவான் என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. முடியவில்லை, சொல்லிவிட்டேன். மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தொப்பைக்காரருக்கு விஷயம் முன்பே தெரியுமாம். நண்பனிடம் சொல்ல வாய் வரவில்லையாம். அவர் மெல்ல வெளியே போய் ஒரு சாமந்தி மாலையோடு வந்தார். இறந்தவர் படம் என்று தெரிந்த பிறகு அதை வெறுமனே விட நமக்கு மனசு வராதே. மாலை படத்தருகே போனபோது எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"வேணாம்ண்ணே. வீட்ல ஒரு படத்துக்குப் போட்டது போதும்."

மூன்று மணி பஸ்ஸில் திரும்பினேன். எங்கள் வீட்டுக் கூடத்தில், மாலைக்கும் சீரியல் பல்புக்கும் நடுவே, அவன் இன்னும் பத்தொன்பதுதான். என் மகனே அவனைவிடப் பெரியவன். போன வருடம் வந்த விருந்தாளியிடம் நானே அந்தப் படத்தைக் காட்டி "இந்தப் பையன்" என்று சொல்லிவிட்டேன்.

குருசுக்குப்பத்தில் மட்டும் அவன் என்னைவிட மூன்று வயது மூத்தவன். கண்காட்சி அடுத்த ஞாயிறு வரைதான்.