பூசாரிச்சியின் காலில் செம்மண்

என் முதல் கதையில் ஒரு பூசாரிச்சி வருவாள். பழைய மலைநாடு, ஏழு கல் தெய்வங்கள், படுக்கையில் கிடக்கும் ராஜா, நாட்டைப் பிடிக்கக் காத்திருக்கும் மந்திரி. மந்திரி சொல்லிக்கொடுத்ததை அருள் வந்தவள் போல ஆடிச் சொல்வதுதான் பூசாரிச்சியின் பிழைப்பு. “மூன்று நாள் தெற்குச் சரிவில் ஒரு கால் படக் கூடாது” என்பாள். அந்த மூன்று நாளில் மந்திரியின் ஆட்கள் அங்கே ஆயுதங்களைப் புதைப்பார்கள். பூசாரிச்சி முந்தின நாளே சரிவுக்குப் போய்வந்ததை, அவள் கால் விரலிடுக்கில் ஒட்டிய செம்மண்ணை வைத்து இளவரசி கண்டுபிடிப்பாள். சபை நடுவே அவள் வேஷத்தைக் கலைப்பாள். இளவரசிக்கு என் வயது, பதினாறு. அந்த நாட்டிலேயே ஏடு படிக்கத் தெரிந்த ஒரே பெண் அவள்.

பூசாரிச்சி என் அம்மா.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் போடியில் விடுதியில் தங்கிப் பதினோராம் வகுப்பு படித்தேன். அம்மா மேலே, மெட்டு என்கிற மலைக்கணவாய்க்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டியவள் நான்தான். இந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. விடுதியில் மூன்று பேர் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். இதழுக்கு ஒரே ஒரு பிரதி. ஆளுக்கு இரண்டு நாள் என்று கைமாறிக் கைமாறி வரும். என் கதை வந்த இதழ் மட்டும் முனை மடிந்து, அட்டை கிழிந்து திரும்பியது.

கதையின் கரு என்னுடையதல்ல. தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சுற்றுக் காய் எடுப்பு தொடங்கும் காலையிலும் பெண்கள் பலாமரத்தடியில் இருக்கும் கல்லுக்கு முன் கூடுவார்கள். முதல் கைப்பிடிக் காயை வைத்துக் குலவை போடுவார்கள். அம்மாவுக்கு ஆத்தா வருவாள். எந்தப் பக்கம் போகலாம், எது ஆகாது என்று ஆத்தா சொல்லுவாள். கங்காணிகூட அதற்கு மறுபேச்சுப் பேசியதில்லை. நான் எட்டாவது படித்த வருஷம், பெருமழைக்குப் பிறகு, தெற்குச் சரிவுக்கு மூன்று நாள் யாரும் போகக் கூடாது என்று ஆத்தா சொன்னாள். யாரும் போகவில்லை. சரிவும் அப்படியேதான் இருந்தது.

ஒரு லீவில் என் தலையைச் சிக்கெடுத்துக்கொண்டே அம்மா அதைப் பற்றி என்னிடம் சொன்னாள். “அதுக்கு முந்துன நாள் வெறகுக்குப் போனப்பவே நான் பாத்துட்டேன்த்தா. மண்ணு ரெண்டு வெரக்கடைக்கு வாயப் பொளந்து கெடந்துச்சு. கங்காணிகிட்டச் சொன்னா கேப்பாரா? மறுநா ஆத்தா வந்து சொன்னா. அவ சொன்னாளா, நான் சொன்னேனான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.”

வேறு யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை. கடைசி வாக்கியம் எனக்குக் கதைக்கு உதவவில்லை. ‘தெரியல’ என்கிற ஆளை வைத்துக்கொண்டு சபையில் என்ன செய்வது? அதை வெட்டிவிட்டேன். எங்கள் மலையில் கதை படிக்கிற ஆள் கிடையாது என்ற தைரியமும் இருந்தது.

புரட்டாசியில் காலாண்டுப் பரீட்சை லீவுக்கு ஜீப்பில் மேலே போனேன். அன்று மழை. காய் எடுக்க முடியாததால் பெண்கள் காய் உலர்த்தும் ஸ்டோரில் உட்கார்ந்து, உலர்ந்த காயை முறத்தில் போட்டு வெடித்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நானும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். கங்காணியின் மகள் என் பள்ளியில்தான் ஒன்பதாவது படித்தாள். அவள் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து, தன் முறைக்கு வாங்கி வந்திருந்த எங்கள் பத்திரிகையைத் தாவணிக்குள்ளிருந்து எடுத்தாள்.

“அக்கா எழுதுன கதை. வாசிக்கட்டா?” என்றாள் எல்லோரையும் பார்த்து.

“வேணாம்” என்றேன்.

“ஏன்த்தா, எங்களுக்கு வெளங்காதுன்னா?” என்றாள் எதிரே இருந்த மதினி. “வாசி தாயி. நாங்களும் கேக்குறோம், எங்க புள்ள என்னதான் எழுதிருக்குன்னு.”

அம்மாவின் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தை என்னால் மறக்க முடியவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

அந்தப் பெண் நன்றாக வாசித்தாள். மந்திரி வந்தபோது, “நம்ம கங்காணி மாதிரில்ல இருக்கான்” என்று ஒருத்தி மெதுவாகச் சொல்ல, வாசலில் நின்ற கங்காணியும் சேர்ந்து சிரித்தார். ‘மூன்று நாள் தெற்குச் சரிவில்’ என்ற இடம் வந்தது. காய் பொறுக்கும் சத்தம் நின்றது. செம்மண் வந்தது. சபை வந்தது. ‘தெய்வத்தின் பெயரால் மக்களை ஏய்த்த கிழவியே’ என்று இளவரசி பேசும் ஒரு பக்க வசனத்தை அவள் விடாமல் வாசித்து முடித்தாள். எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது.

யாரும் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

“அப்ப அந்த வருசம் மூணு நா வேலையக் கெடுத்தது ஆத்தா இல்லையாக்கும்” என்றார் கங்காணி. அதட்டவில்லை, கிண்டலாகத்தான் சொன்னார். “படிச்ச புள்ள பொய்யா எழுதும்?”

அம்மா முறத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி பொறுக்கத் தொடங்கினாள். அது கற்பனைக் கதை, எங்கள் ஊருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். பொய்தான், ஆனாலும் சொல்லியிருக்கலாம். கதை நன்றாக இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா என்று அந்த நேரத்திலும் என் மனசின் ஒரு மூலை காத்திருந்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “எனக்குத் தெரியலன்னுதான ஒங்கிட்டச் சொன்னேன். ஒனக்கு எப்படித்தா தெரிஞ்சுச்சு?”



மறுநாள் காலை மழை விட்டிருந்தது. புதுச் சுற்று தொடங்கும் நாள். பலாமரத்தடியில் காயை வைத்தார்கள். குலவை எழுந்தது, ஆனால் அரைகுறையாக, ஆளாளுக்கு ஒரு நேரத்தில் நிறுத்தினார்கள். அம்மா கண்ணை மூடி நின்றாள். ஆத்தா வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அம்மா கண்ணைத் திறந்து, தன் சொந்தக் குரலில் கங்காணியிடம் சொன்னாள்.

“தெக்குச் சரிவு வேணாம்ணே. நேத்து விடிய நான் போயிப் பாத்தேன். பழைய வெடிப்பு இன்னும் அகண்டுருக்கு.”

“ஆத்தா சொல்லட்டும், கேக்குறேன்” என்றார் அவர். “நீயா சொல்லுறதுக்கெல்லாம் வேலைய நிறுத்த முடியுமா? வெரசாக் கெளம்புங்க.”

பெண்கள் சாக்கை இடுப்பில் கட்டினார்கள். நேற்றுவரை அம்மா ஒரு சொல் சொன்னால் நகராதவர்கள். ஒருத்திகூட நிற்கவில்லை. ஏலச்செடியின் அடித்தூரில்தான் காய் காய்க்கும். குத்தவைத்து, தூரைக் கையால் விலக்கித்தான் எடுக்க வேண்டும். அந்தச் சரிவில் மண் அசைந்தால் எழுந்து ஓட நேரமிருக்காது. அது அவர்களுக்கும் தெரியும்.

அம்மா யாருடனும் சண்டை போடவில்லை. கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு வரிசைக்கு முன்னால் போய் நின்றாள். “நான் கம்பு ஊனுன எடத்துல மட்டும் கால வைங்க” என்றாள். நானும் இரண்டடி பின்னால் போனேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

“நீ வராத. ஒனக்குப் படிக்கிற சோலி இருக்கு.”

அவள் குரலில் கோபமில்லை. நான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் விட்டிருப்பாள் என்றே நினைக்கிறேன். நான் பிடிக்கவில்லை. பயமாக இருந்தது. அவள் சொன்னது உண்மை, அந்த மண் பிளந்திருக்கிறது என்று அந்த இடத்தில் முழுசாக நம்பியவள் நான் ஒருத்திதான். நம்பியதால்தான் நின்றேன்.

கம்பை ஊன்றி, மிதித்துப் பார்த்து, அடுத்த அடி வைத்து அவள் இறங்குவது செடிகளுக்கிடையே கொஞ்ச தூரம் தெரிந்தது. பின்னால் பதினைந்து பெண்கள். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாயந்திரம் எல்லோரும் நனைந்துபோய், அட்டைக் கடியோடு திரும்பி வந்தார்கள். ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்லி என்னை நானே ஆற்றிக்கொள்ளப் பல வருஷம் முயன்றிருக்கிறேன். அவள் இறங்கியபோது அது யாருக்கும் தெரியாது.

அது நடந்து ஒன்பது வருஷமாகிறது. இப்போது எனக்கு இருபத்தைந்து வயது. சிறுவர் பத்திரிகைகளுக்கு ராஜா கதைகளும் தெய்வக் கதைகளும் எழுதுகிறேன். மந்திரிகள் சதி செய்கிறார்கள், இளவரசிகள் கண்டுபிடிக்கிறார்கள். பூசாரிச்சி பாத்திரம் மட்டும் எழுத வருவதில்லை. அம்மாவுக்கு அதற்குப் பிறகு ஆத்தா வரவேயில்லை. குலவை போடும் கூட்டத்தில் ஒருத்தியாக ஓரமாக நின்றுகொள்கிறாள்.