பதினான்காம் கேள்வியும் மூன்றாம் பக்கமும்

எங்கள் விண்ணப்பப் படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள். பதினான்காவது, "உங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா?" நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலையின் பர்சனல் செக்ஷனில் முப்பத்தொரு ஆண்டுகள் இருந்தேன். அந்தக் கேள்விக்கு "ஆம்" என்று எழுதியவர்கள் மொத்தம் ஒன்பது பேர். ஒன்பதாவது ஆள் கவிதா.

பாப்பிரெட்டிப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஊர். பி.காம். படித்தவர், எடைமேடை கிளார்க் வேலைக்கு வந்திருந்தார். "ஆம்" என்பதற்குக் கீழே வழக்கு எண், பிரிவு, அடுத்த வாய்தா தேதி எல்லாம் எழுதி, குற்றப்பத்திரிகையின் ஜெராக்ஸையும் பின் அடித்திருந்தார். கேட்காததையும் கொடுப்பவர்கள் மேல் எனக்கு எப்போதுமே சந்தேகம்.

"என்ன கேஸும்மா?"

"தண்ணி வரலைன்னு ரோட்டுல குடத்த வெச்சு உக்காந்தோமுங்க சார். மறியல் கேஸு. பாதி ஊரு மேல போட்டுட்டாங்க."

பக்கங்களை எண்ணினேன். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து.

"மூணு எங்க?"

"அதுல என்னைப் பத்தி ஒண்ணும் இல்லைங்க. என் பேரு ரெண்டாம் பக்கத்துலயே வந்துருச்சுங்க."

"ஒண்ணும் இல்லாத பக்கத்த எதுக்கு உருவுனீங்க?"

"அத மட்டும் கேக்காதீங்க சார்."

பஸ் கண்ணாடியை உடைத்திருப்பாரோ, போலீஸ்காரர் மேல் கை வைத்திருப்பாரோ என்று என் புத்தி போனது. பக்கம் வந்தால்தான் வேலை என்றேன். அவர் ஃபைலை மூடினார்.

"இதோட அஞ்சாவது எடமுங்க சார். 'இல்லை'ன்னு எழுதியிருந்தா மொத எடத்துலயே சேந்திருப்பேன்."

அவர் போன ஐந்தாவது நிமிடம் ஸ்டோர்ஸ் முருகேசன் உள்ளே வந்தான். அவன் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான்.

"அந்தப் புள்ளய ஏன் சார் அனுப்புனீங்க?"

"உனக்கென்னய்யா அதுல?"

"மூணாம் பக்கத்துல என் பேருதானுங்க இருக்குது. நானும் அந்த ஊருதானுங்களே. எனக்காகத்தான் உருவியிருக்குது."

அவனுடைய ஃபைலை எடுத்தேன். சேர்ந்து பதினான்கு மாதம். பதினான்காம் கேள்விக்கு "இல்லை". சரிபார்த்ததாகக் கீழே என் கையெழுத்து.

"ஏன்யா மறைச்ச?"

"வூட்டுல ரெண்டு கொழந்தைங்க சார். 'ஆம்'னு எழுதியிருந்தா வேலை குடுத்திருப்பீங்களா?"

முந்தைய எட்டுப் பேரில் நான் ஒருவருக்கும் கொடுத்ததில்லை.

"ஓடுய்யா, பஸ் வந்துரப் போகுது. அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வா."

முருகேசனிடம் புதுப் படிவம் வாங்கினேன். இந்த முறை "ஆம்". அதையும், திரும்பி வந்த கவிதாவின் படிவத்தையும் மேனேஜர் மேசையில் வைத்தேன்.

"என்னய்யா இது, கேஸு உள்ளவங்க ரெண்டு பேராயிட்டாங்க?"

"ஒருத்தன் ஏற்கெனவே இங்கதான் சார் இருக்கான். பதினாலு மாசத்துல ஸ்டோர்ஸ்ல ஒரு ஸ்க்ரூகூடக் குறையல."

அவர் என்னையும் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்.

வேலை தேடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வழக்கு இருந்தால் எழுதுங்கள். நிலுவையில் உள்ள வழக்கு தண்டனை ஆகாது. பின்னால் தெரியவந்தால் வழக்கைவிட மறைத்ததுதான் பெரிதாக நிற்கும். முருகேசன் தப்பித்ததை நம்பி யாரும் "இல்லை" எழுத வேண்டாம்.

என் நாற்காலியில் இப்போது இருப்பவர்களுக்கும் ஒன்று உண்டு. "ஆம்" என்று எழுதிய ஒன்பது பேரையும் நான் குடைந்து குடைந்து விசாரித்தேன். "இல்லை" என்று எழுதிய நூற்றுக்கணக்கானவர்களில் ஒருவரைக்கூட ஒரு வார்த்தை கேட்டதில்லை.