கழுவாமல் வைத்த கிளாஸ்

சிட்டு, உன் டிரங்குப் பெட்டியை எடுத்துவரத்தான் காஞ்சிபுரம் போனேன். எழுபத்திரண்டு ஐப்பசி, காய்ச்சலில் நீ கண்ணை மூடிப் பதினேழாம் நாள். பெட்டியை வாங்கிக்கொள்ளச் சொல்லி நீ தங்கிப் படித்த ஹாஸ்டலிலிருந்து கார்டு வந்திருந்தது. உன் அம்மா நான், ஐந்தாவதோடு நின்றவள்தான். இருந்தாலும் எழுதிவைக்கிறேன். நம் காலனியிலிருந்து இன்னும் மூன்று பெண்கள் உன்னைப்போல் டீச்சர் படிப்புக்கு அங்கே போகப்போகிறார்கள். அவர்களுடைய அம்மாக்களுக்கு வழி தெரியட்டும்.

திருப்புட்குழியில் காலை ஏழேகால் பஸ். எட்டு மைல், முப்பது பைசா. சீட்டு காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றேன். "இன்னாமா, சீட்டுல முள்ளா இருக்குது? குந்து" என்றார் கண்டக்டர். ஊர்க்காரர் யாரும் ஏறவில்லை என்று பார்த்துக்கொண்டு, நுனியில் உட்கார்ந்தேன்.

எட்டு மணிக்கு இறங்கிவிட்டேன். ஹாஸ்டல் திறப்பது பத்துக்கு. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பட்டுக்கடைத் தெருவை இரண்டு முறை சுற்றிவிட்டு, பஸ் ஸ்டாண்டு எதிரே டீ வாங்கினேன், பதினைந்து பைசா.

நம் ஊர்க் கடையில் நமக்கென்று கூரையில் செருகிய கிளாஸ். தரையில் குந்திக் குடித்து, நாமே கழுவிச் செருகவேண்டும். "டவுன்ல எல்லாருக்கும் ஒரே கிளாஸ்மா. குடிச்சிட்டு அப்டியே வச்சிட்டு வா, கழுவாத" என்று லீவில் வந்தபோது சொன்னாய். நினைவு இருந்தது, கைதான் கேட்கவில்லை. வாளித் தண்ணீரில் கழுவி, மற்ற கிளாஸோடு சேராமல் தள்ளிக் கவிழ்த்தேன்.

"என் வேலைய நீ பாத்துக்கினு இருக்கியே, சம்பளம் கேப்பியாமா?" என்று சிரித்தார் கடைக்காரர். பெஞ்சில் பேப்பர் படித்தவர் சிரிக்கவில்லை.

"எந்த ஊரு?"

"திருப்புட்குழி."

"அங்க எந்தத் தெரு?"

கடைக்காரர் சிரிப்பும் நின்றது. "கோயிலாண்ட" என்று பொய் சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

ஹாஸ்டலில் கார்டைக் காட்டிக் கையெழுத்துப் போட்டதும் பெட்டியைக் கொடுத்தார்கள். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் உன் பெயர். அதன் கீழே, அதே அளவு பெரிய எழுத்தில், 'காலனி, திருப்புட்குழி'. நீ எழுதினதுதான். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்கு வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து, மூடி தெரியும்படி பெட்டியைக் காலடியில் வைத்தேன்.

"ஒரு டீ குடுப்பா."

பேப்பர்காரர் மூடியைப் படித்தார். பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்து போனார். கடைக்காரர் டீ கொடுத்தார். குடித்தேன். கை வாளிப் பக்கம் போனது, இழுத்துக்கொண்டேன். கிளாஸைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு எதிரே பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன்.

போகிறவர்களுக்கு: கார்டை மறக்காதீர்கள். பெட்டியோடு திரும்ப பன்னிரண்டு நாற்பது பஸ்தான் நல்லது, கூட்டம் இருக்காது. சீட்டு இருந்தால் முழுசாக உட்காருங்கள். கிளாஸைக் கழுவாதீர்கள்.

பஸ் வரும்வரை கடையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மற்ற கிளாஸ்களைக் கடைக்காரர் எடுத்து எடுத்துக் கழுவினார். என்னுடையது பெஞ்சிலேயே இருந்தது. ஒரே கிளாஸ் என்று சொன்னாயே சிட்டு, நீ குடித்து வைத்ததை யாராவது எடுத்தார்களா?