ஆலங்குளத்துக்காரரின் தண்ணீர்

பொம்மை விமானம் சேர்த்துக் காட்சிக்கு வைக்கிற பிழைப்பில் முதல் எதிரி தூசி. இரண்டாவது எதிரி, பக்கத்து ஊரில் இருந்துகொண்டு அதையே செய்கிற இன்னொருத்தர். தூசியையாவது பிரஷால் தட்டிவிடலாம். இந்தக் கிறுக்குப் பிடித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம், உங்களுக்கும் அப்படி ஒரு ஆள் எங்கேயாவது இருப்பார்.

எனக்கு ஐந்தருவி போகிற ரோட்டில் பொம்மைக் கடை. சீசனில் பந்து, பலூன், தண்ணீர்த் துப்பாக்கி ஓடும். மற்ற மாதங்களில் ஈதான் ஓடும். அந்த மாதங்களில் தொற்றியது இந்த வியாதி. எல்லா விமானமும் நான் சேர்ப்பதில்லை. ரெண்டாம் உலக யுத்தத்தில் கடலிலேயே இறங்கி, கடலில் இருந்தே கிளம்பிய பறக்கும் படகுகள் மட்டும்தான். மேலே விமானம், வயிறு படகு.

சக்கரம் எங்கே?

கடைக்கு மொத்தமாக வந்த சாமானில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் விமானங்கள் இருந்தன. அட்டையில் ‘கேட்டலீனா’ என்று போட்டிருந்தது. காலையில் வாங்கிப் போனவர்கள் சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்தார்கள். தரையில் வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுகிறதாம்.

கடைசியாக வந்தவர் அருவியில் குளித்த ஈரத் துண்டோடு வந்தார். இது தண்ணீரில் இறங்குகிற விமானம், யுத்தத்தில் கப்பல் மூழ்கித் தத்தளித்தவர்களை எல்லாம் இதுதான் தூக்கிக்கொண்டு வந்தது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பொம்மையைக் குப்புறப் போட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “சக்கரம் வைக்க மறந்துட்டு, நல்லா கதை சொல்லுதீக அண்ணாச்சி.”

யாருக்கும் வேண்டாத கப்பல்

யாரும் வாங்காததை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே ஆரம்பித்தது. ஒன்று பலவாயிற்று. துண்டு துண்டாக வருகிறதை வரவழைத்து ஒட்டினேன், வர்ணம் அடித்தேன். விமானம் மட்டும் தனியாக நின்றால் சந்தையில் நிற்கிற கோழி மாதிரி இருக்கிறது என்று, பெட்டிக்குள் கடல், மரப்பாலம், எண்ணெய் டிரம், சட்டை போடாமல் வேலை பார்க்கிற மாலுமி எல்லாம் வைத்தேன். டயோரமா என்பார்கள். என் வீட்டுக்காரி கோமதி ‘கொலு’ என்பாள்.

வீட்டில் இடம் இல்லை. லாட்ஜ் வைத்திருக்கிற பிரம்மநாயகம் அண்ணாச்சி, வரவேற்பு ஹாலில் இருந்த பெரிய கண்ணாடிப் பெட்டியை எனக்கு விட்டுக்கொடுத்தார். உள்ளே டியூப் லைட், வெளியே பூட்டு, சாவி என் இடுப்பில். குளித்துவிட்டு வருகிறவர்கள் தலை துவட்டுகிறதை மறந்து அதன் முன்னால் நிற்பார்கள். நான் யாரோ மாதிரி தூணில் சாய்ந்து நிற்பேன். அதுபோல ஒரு சுகம் எனக்கு வேறு இல்லை. பிரம்மநாயகமே ஒரு நாள் சொன்னார்: “ஓய், உம்ம கப்பலைப் பாத்துட்டு ஆளுக ரூம் கேக்க மறந்துட்டு நிக்காவ.”

முகம் பார்க்கிற தண்ணீர்

அதே வாயால்தான் அவர் அடுத்த சீசனுக்கு முன்னால் இன்னொன்றும் சொன்னார். ஆலங்குளத்தில் சிமெண்ட் கடை வைத்திருக்கிற முத்தையா என்பவரும் இதே கப்பல்தான் செய்கிறாராம். என்னிடம் விட்ட கண்ணாடிப் பெட்டியில் முத்தையாவுடையதை வைத்தால் என்ன என்று பிரம்மநாயகம் யோசிக்கிறாராம். எனக்குச் சோறு இறங்கவில்லை. கோமதியைக் கூட்டிக்கொண்டு ஆலங்குளத்துக்கு பஸ் ஏறினேன்.

முத்தையா நல்ல மனுஷன். அது இன்னும் எரிச்சல். குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்து, பெட்டியைக் காட்டினார். அதே கேட்டலீனா. நான் மூக்கில் இருந்து வால் வரை குற்றம் தேடினேன். ஒரு ஜன்னல் கோணலாக இருந்தது. மனசு கொஞ்சம் குளிர்ந்தது. அப்புறம்தான் தண்ணீரைப் பார்த்தேன். அசையாத தண்ணீர். அடியில் மணல் தெரிகிறது. இறக்கையின் நிழல் அதில் விழுகிறது. மழைக்கு ஏங்குகிற ஊரில் இப்படி ஒரு தண்ணீர். சீசன் பூராவும் தண்ணீர் கொட்டுகிற ஊரில் இருக்கிற என் கடல், கலங்கிப்போய்க் கிடக்கிறது. எதிராளி முன்னால் முகத்தை எப்படி வைப்பது என்று நான் தவிக்கும்போது கோமதி குனிந்து பார்த்துச் சொன்னாள்: “ஏங்க, இதுல முகம் பாத்துப் பொட்டே வச்சுக்கிடலாம் போல இருக்கே. நம்மது கஞ்சித் தண்ணில்லா.”

ஒரே டின்

தண்ணீர் என்பது ரெசின். ரெண்டு திரவத்தைக் கலந்து ஊற்றினால் உறைந்து கண்ணாடி ஆகும். ஊற்றும்போது எனக்கும் கண்ணாடிதான். காலையில் பார்த்தால் பால். கிண்ணத்தை மாற்றினேன், கலக்குகிற குச்சியை மாற்றினேன், பிள்ளையாருக்குத் தேங்காய் விட்டேன். மறுபடியும் கஞ்சிதான்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் மிச்சம் இருந்தது. தென்காசியில் நானும் முத்தையாவும் சாமான் வாங்குகிற பெயிண்ட் கடைக்குப் போய், அவருக்கு நல்ல சரக்கு, எனக்கு அடிமண்டியா என்று கேட்டேன். கடைக்காரர் தலையை நிமிர்த்தவே இல்லை. “ரெண்டு பேருக்கும் ஒரே டின்னுதான் அண்ணாச்சி. மலையடிவாரத்துல சாரல் அடிக்கும்போது ஊத்துனா அது ஈரத்தைக் குடிச்சு வெளுக்கத்தான் செய்யும். வேணும்னா நீங்க ஊரை மாத்துங்க.”

கூட்டம் யார் பக்கம்

பிரம்மநாயகம் ரெண்டு பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். ஹாலில் ரெண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது, கூட்டம் யாருடையதன் முன்னால் நிற்கிறதோ அவருக்குக் கண்ணாடிப் பெட்டி என்று பேச்சு. அன்றைக்கு அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. தோளில் துண்டோடு வந்தவர்கள் எல்லாம் ஹாலிலேயே அடைந்து கிடந்தார்கள். முத்தையாவின் பெட்டி காரில் வந்தது. பெட்ஷீட்டில் சுற்றி, மடியில் வைத்து, பிள்ளை மாதிரி கொண்டுவந்தார்.

துணி விலகியதுதான் தாமதம், மொத்த ஹாலும் அங்கே போய்விட்டது. ஒருத்தர் விரலை விட்டு நனைகிறதா என்று பார்க்கிறார். அருவியில் பார்க்காத தண்ணீரை அங்கே பார்க்கிறார்கள். என் பெட்டிக்கு நான்தான் துணை. ஒரு பெரியவர் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னைப் பார்த்து வந்தார். நான் எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, விமானத்தின் சரித்திரத்தை நாக்கு நுனிக்குக் கொண்டுவந்துவிட்டேன். அவர் கேட்டார்: “தம்பி, இங்கன பாத்ரூம் எந்தப் பக்கம்?”

பனி

சாவியை என் இடுப்பில் இருந்து எடுத்து முத்தையா கையில் கொடுத்தார் பிரம்மநாயகம். நான் என் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தேன். முத்தையா வந்து துண்டை விலக்கினார். குனிந்தார். எழும்பவே இல்லை. கேலி செய்யத்தான் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“இந்தப் பனியை எப்படிப் போட்டீக?” என்றார். “விடியக்காலம் கடல் மேல மூடிக் கிடக்குல்லா, அதே பனி. விமானம் அதுக்குள்ள பாதி தெரியுது, பாதி தெரியல. நானும் பஞ்சு வச்சுப் பாத்தேன், சுண்ணாம்பு கலந்து பாத்தேன். எனக்கு என்ன செஞ்சாலும் தெளிஞ்சு தெளிஞ்சு போவுது.”

நிமிர்ந்த அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். ஆலங்குளத்தில் இருந்து திரும்பும்போது பஸ் கண்ணாடியில் பார்த்த என் முகமேதான். “அது கைப்பழக்கம் அண்ணாச்சி” என்றேன். கூட வந்திருந்த கோமதி சட்டென்று சுவர்க் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தாள். முத்தையா சாவியை நீட்டினார். பெட்டி உங்களுதாவே இருக்கட்டும், அந்த வித்தையை மட்டும் சொல்லுங்க என்றார்.

முதலில் சாவியை வாங்கி இடுப்பில் சொருகினேன். பிறகு உள்ளதைச் சொன்னேன். வித்தை ஒன்றும் இல்லை, சாரல் அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். அவர் என் பெட்டியை இன்னொரு தரம் குனிந்து பார்த்தார். அப்புறம் கேட்டார்: “ஆலங்குளத்துல சாரலுக்கு நான் எங்கன போவேன்?”

எங்கே போவார், சாரல் விழுந்தால் டின்னும் கையுமாக என் வீட்டு ஜன்னலுக்குத்தான் வருகிறார். கண்ணாடிப் பெட்டிச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது என்றாலும், என் சாரலில் அவர் ஊற்றிய பனி என்னுடையதைவிட மெல்லிசாக விழுந்திருக்கிறது என்று கோமதி சொன்னதில் இருந்து எனக்கு மறுபடியும் சோறு இறங்கவில்லை.