பரளச்சிக் காட்டில் திருவாதிரை

பேய், சகுனம், அருள்வாக்கு எதையும் நான் நம்பினதில்லை. மாவட்டச் செய்தியாளனாகக் காலம் தள்ளியவன். அம்மன் கண்ணில் நீர் வடிகிறது என்று ஓர் ஊரே திரண்டு நின்றபோது, ஏணி போட்டு ஏறி, மேலே கசிந்துகொண்டிருந்த தண்ணீர்க் குழாயைப் படமெடுத்துச் செய்தி போட்டேன். அதற்குப் பிறகு அந்த ஊரில் எனக்கு டீ கூடக் கிடைக்கவில்லை. இனி எழுதப்போவதை நீங்கள் நம்பப்போவதில்லை என்று தெரியும். நீங்கள் கேட்க நினைக்கும் கேள்விகளை எல்லாம் நானே பல முறை கேட்டுப் பார்த்துவிட்டேன் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா மகள் பத்மா. அக்கா வீட்டுக்காரருக்குப் பாளையம்பட்டியில் சாயப்பட்டறை. கழி கழியாகக் கட்டிய நூலைக் கொதிக்கும் சாயத் தொட்டியில் முக்கி எடுக்கிற அந்த வெப்பத்திலும் புகையிலும் வளர்ந்த பெண், இயற்பியல் படித்து நட்சத்திர ஆராய்ச்சிக்குப் போனாள். டெலஸ்கோப்பில் கண்ணை வைத்து உட்காருகிற வேலை இல்லை. எல்லாம் கம்ப்யூட்டரில்தான். வயதாகி, ஊதிப் பெருத்து, சிவந்து போன ஒரு நட்சத்திரத்தின் மேற்பரப்பை ஏடு ஏடாகப் பிரித்துக்கொள்வாள். ஒவ்வோர் ஏட்டிலும் எவ்வளவு சூடு, என்ன வாயு, எந்தெந்த நிறத்து ஒளியை அது தின்னும் என்று கணக்குப் போடுவாள். கடைசியில் அந்த நட்சத்திரத்தின் ஒளி இப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கோடு வரும். பெரிய டெலஸ்கோப்புகள் நிஜமாகவே பதிவுசெய்த கோட்டின் மேல் அதை வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒட்டினால் கணக்கு சரி.

அவள் எடுத்துக்கொண்டது திருவாதிரை. குளிர்ந்த நட்சத்திரம் என்பார்கள். குளிர்ச்சி என்றால் சூரியனோடு ஒப்பிட்டுத்தான்; நம் இரும்பு அங்கே ஆவியாகிவிடும்.

அவளுடைய கோடு ஒட்டவில்லை. வருடக்கணக்கில் ஒட்டவில்லை. உதவித்தொகை நின்றுபோனது. அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி நல்ல மனிதர், அவரே வேறு தலைப்புக்கு மாறச் சொல்லிவிட்டார். மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு வீட்டில் பொறுமை இல்லை, அவளிடம் தெம்பும் இல்லை. தை அமாவாசைக்கு ஊருக்கு வந்தவள், ஆராய்ச்சியை விட்டுவிடுவதாக மறுநாள் காலையில் வழிகாட்டியிடம் போனில் சொல்லிவிடப் போகிறேன் என்றாள். அவள் அப்பா பட்டறைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

என்னிடம் வந்து ஒரே ஒரு உதவி கேட்டாள். “மாமா, இத்தன வருசமும் அத நம்பராத்தான் பாத்துருக்கேன். ஒரு தடவ கண்ணால பாத்துட்டு விட்டுர்றேன். லைட்டே இல்லாத எடமா கூட்டிட்டுப் போங்க.”

கல்லூரிக் காலத்தில் வாங்கிய சின்ன டெலஸ்கோப் ஒன்று வீட்டுப் பரணில் கிடந்தது. அதைக் காரில் போட்டுக்கொண்டு பரளச்சிக்குப் போனோம். அங்கே வேலுச்சாமி என் பழைய பழக்கம். மழையை நம்பி விதைக்கும் மானாவாரி சம்சாரி, அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டதால் அவருடைய கரிசல் காட்டில் சோள நிலம் வெடித்துக் கிடந்தது. ஊரை விட்டுத் தள்ளி, வெளிச்சமே இல்லாத இடம். சூரியன் இறங்கிக்கொண்டிருந்த நேரம் டெலஸ்கோப்பை நிறுத்தினோம்.

வேலுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டபடி வந்தார். “என்னத்தா, வானத்துல என்னத்தத் தேடுற? மேகம் கீகம் தட்டுப்பட்டா மொதல்ல எனக்குச் சொல்லு.”

“திருவாதிரை பாக்க வந்துருக்கோம் அண்ணாச்சி. இவ அதத்தான் படிக்கிறா” என்றேன்.

“அம்புட்டுத் தூரத்துல கெடக்குறத இங்கன இருந்து என்ன படிக்கிறது?”

“அதுக்கு வயசாயிருச்சுண்ணே. ஒடம்பு எப்டி இருக்குன்னு பாக்குறோம்” என்றாள் பத்மா.

“அப்படிச் சொல்லு. வயசானவுகள இந்தக் காலத்துல யாரு எட்டிப் பாக்குறா. நீயாச்சும் பாக்குறியே.”

அவள் சிரித்தாள். ஊருக்கு வந்த பிறகு அன்றுதான் சிரித்தாள். வேலுச்சாமி தன் போனை எடுத்து எங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். மேற்கே சிவப்பு அடங்கி, கிழக்கே பாதி வானத்தில் திருவாதிரை ஒரு புள்ளியாகத் தெரிந்தது. பத்மா குனிந்து டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

நம்பினால் நம்புங்கள், என் முகத்தில் சூடு அடித்தது.

வெயிலின் சூடு இல்லை. மூடியைத் திறந்ததும் இட்லிப் பானையிலிருந்து முகத்தில் வந்து அடிக்குமே, அந்த ஈரச் சூடு. தை மாதம், வெயில் தாழ்ந்த நேரம், காதோரம் குளிரத் தொடங்கியிருந்த காற்று; அதற்கு நடுவில் இது. கிழக்கிலிருந்து மட்டும் வந்தது. முதுகுப் பக்கம் குளிர் அப்படியே இருந்தது. பத்மா நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், போட்டாள், மறுபடியும் கழற்றினாள். இரண்டு வில்லையிலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. என் கண்ணாடியிலும்தான்.

“எவனோ நெல்லு அவிக்கிறான்” என்றார் வேலுச்சாமி. சொல்லிவிட்டு அவரே, “இங்கிட்டு நெல்லு ஏது?” என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துத் துண்டைப் பிழிந்து பார்த்தார். சொட்டவில்லை, ஆனால் நமத்துப் போயிருந்தது.

நான் என் தொழிலைச் செய்தேன். பனியா என்று பார்த்தேன். பனி என்றால் முதலில் இரும்பில் இறங்கும். டெலஸ்கோப்பின் குழாயும் காலும் உலர்ந்திருந்தன. பனி சுடாது. மண்ணைத் தொட்டுப் பார்த்தேன், புழுதி. ஈரம் பட்டால் கரிசல் மண் ஒரு வாசனை விடுமே, அதுவும் இல்லை. விறகைக் கரியாக்கக் கரிமூட்டம் போட்டிருப்பார்களோ என்று பார்த்தால் புகை நெடி இல்லை. காய்ந்து நின்ற சோளத்தட்டை ஒன்றுகூட அசையவில்லை. காற்றே இல்லாமல் அந்தச் சூடு வந்துகொண்டிருந்தது. ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் இருக்கும். பிறகு யாரோ மூடியை மூடினாற்போல் நின்றுவிட்டது.

வேலுச்சாமி மேற்கே திரும்பிக் கும்பிட்டார், பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று கிழக்கேயும் கும்பிட்டார். “ஏத்தா, பயந்துட்டியா?”

பத்மா கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, துடைக்காமல், அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, பட்டறையில சாயம் பாக்கணும்னா அப்பா என்ன செய்வாரு?”

“கழிய வெளிய எடுத்துட்டு வருவாரு. நெழல்ல வச்சுப் பாப்பாரு.”

“ஏன்?”

“தொட்டிக்கு மேல நீராவி நிக்கும்ல. அது வழியாப் பாத்தா கலரு தப்பாத் தெரியும்.”

“அதேதான். நீராவின்னா நடுவுல நிக்கிறது. ஒதுக்கிட்டுத்தான் பாக்கணும். சின்ன வயசுலேர்ந்து அப்டியே பழகிட்டேன்.” அவள் குரல் வேகமெடுத்தது. “நட்சத்திரத்து வெளிச்சம் நம்ம ஊருக் காத்து வழியாத்தான வருது மாமா? நம்ம காத்துலயும் நீராவி இருக்கு, அதுவும் கொஞ்சம் வெளிச்சத்தத் தின்னுரும். அதனால நீராவி தடம் எங்கெல்லாம் தெரிஞ்சுச்சோ, இது பூமியோட அழுக்குன்னு அந்தப் பகுதியையே வெட்டிப் போட்டுட்டேன். திருவாதிரையச் சுத்தியே நீராவி இருக்குன்னு மத்தவுக எழுதுனதப் படிச்சுருக்கேன். படிச்சும் வெட்டிட்டேன். கண்ணு முன்னால ஆவி நின்னா கை தானா தொடச்சுருது.”

“அப்ப தொட்டியோட ஆவிய ஒதுக்கிட்டுக் கழியத் தேடிருக்க.”

“அங்க கழி தனி, ஆவி தனின்னு கெடையாது மாமா. ஆவியும் அதோட நெறந்தான்.”

வேலுச்சாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒங்க சொந்தக்காரப் பேச்சு எனக்கு வெளங்கல. நல்ல சேதியா, கெட்ட சேதியா? அத மட்டும் சொல்லுங்க.”

“நல்ல சேதிண்ணே” என்றாள் பத்மா. “நல்ல சேதின்னுதான் நெனைக்கிறேன்.”

மறுநாள் காலையில் அவள் வழிகாட்டிக்குப் போன் செய்தாள். விட்டுவிடுகிறேன் என்று சொல்வதற்கு அல்ல. கொஞ்சம் அவகாசம் கேட்பதற்கு. வெட்டிப்போட்ட பகுதியை மறுபடி சேர்த்தாள். பூமியின் குளிர்ந்த நீராவி விடும் தடம் வேறு, நட்சத்திரத்தின் சூடான நீராவி விடும் தடம் வேறாம். நிதானமாகப் பார்த்தால் பிரித்துவிடலாம் என்றாள். நட்சத்திரத்தின் கடைசி ஏட்டுக்கும் வெளியே, மெல்லிய சூடான நீராவிப் போர்வை ஒன்றைக் கணக்கில் போர்த்தினாள். கோடு நெருங்கி வந்தது. அச்சு அசலாக ஒட்டவில்லை. ஆனால் எங்கே ஒட்டவில்லை என்பதும், ஏன் என்பதும் இப்போது தெரிகிறதாம். வழிகாட்டி தலைப்பை மாற்ற வேண்டாம் என்றார். அவள் அப்பா பட்டறையிலிருந்து சாயக் கையோடு வந்து, “அப்ப ஆவியாலதான் பொழச்சயா?” என்று கேட்டார். அவருக்கு வந்த சிரிப்பு அடங்க ரொம்ப நேரமானது. பத்மா இப்போதும் அதே வேலையில்தான் இருக்கிறாள்.

பரளச்சியில் நடந்ததை அவள் எங்கேயும் எழுதவில்லை. எழுதக்கூடாது என்பதுதான் சரி. “எனக்குள்ளயே இருந்துருக்கும் மாமா, அன்னிக்கு வெளிய வந்துருக்கும்” என்பாள். இருக்கலாம். ஆனால் வேலுச்சாமியின் துண்டு அவளுக்குள் இல்லையே.

நான் பகலில் இரண்டு முறை அந்தக் காட்டுக்குப் போய்வந்தேன். கிழக்கே சீமைக்கருவேலம் தவிர ஒன்றுமில்லை. செங்கல் சூளை இல்லை, விளக்குக் கம்பம் இல்லை, பாதைகூட இல்லை. அன்று யாரும் அங்கே அடுப்பு மூட்டவில்லை. இத்தோடு விட்டிருப்பேன்.

ரொம்ப நாள் கழித்து, வேலுச்சாமி புதுப் போன் வாங்கியபோது பழையதில் இருந்த படங்களை எனக்கு அனுப்பினார். அதில் அன்று எடுத்ததும் இருந்தது. பத்மா குனிந்திருக்கிறாள், நான் பக்கத்தில் நிற்கிறேன். எங்களுக்குப் பின்னால் மேற்கு வானம் மங்கிக் கிடக்கிறது. எங்கள் இருவரின் நிழலும், டெலஸ்கோப்பின் நிழலும், மேற்கே பார்த்து விழுந்திருக்கின்றன.

அமாவாசை, நிலா இல்லை. எங்கள் கண்ணுக்கு அப்போது வேறு எந்த வெளிச்சமும் படவில்லை. என் கார் வடக்கே நின்றது, விளக்கை அணைத்திருந்தேன். பத்திரிகையில் என்னோடு இருந்த புகைப்படக்காரரிடம் காட்டினேன். கிழக்கே, பாதி வானத்து உயரத்தில் வெளிச்சம் இருந்திருக்கிறது என்றார். நிழலின் விளிம்பைப் பார், வெட்டாக இல்லை, கரைந்திருக்கிறது. பல்பு மாதிரிச் சின்னது இல்லை, ரொம்பப் பெரியது என்றார்.

பத்மாவுக்கு அனுப்பினேன். ஒரு வாரம் போனது. பிறகு நானே கூப்பிட்டு, நிழலின் ஓரம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை வைத்து, அந்த வெளிச்சம் வானத்தில் எவ்வளவு பெரிதாக நின்றது என்று கணக்குப் போட்டுப் பார்த்தாயா என்று கேட்டேன்.

“போட்டேன் மாமா.”

“என்ன வந்துச்சு?”

தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“திருவாதிரையும் என்னைய ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்துருக்கு” என்றாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.